பெயிண்டர் போட்ட பச்சையும் ஜப்பான்காரர் போட்ட பச்சையும்

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்காக நிற்கும்போது நான் பஸ் வருகிற திசையைப் பார்ப்பதில்லை. சுற்றி இருக்கும் ஃப்ளெக்ஸ்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். காது குத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, புதுப்படம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி. தாத்தா, பாட்டி, தாய்மாமன், கட்சித் தலைவர், கதாநாயகி எல்லாருக்கும் ஒரே தோல். பவுடர் அப்பிய வெளிர் ரோஸ். இதனால் இரண்டு மூன்று பஸ்களைத் தவறவிட்டிருக்கிறேன். வீட்டில் அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

ஏன் பார்க்கிறேன் என்றால், நான் திருச்சிக்கு மாற்றலாகி வந்த புதிதில் இதே வட்டாரத்தில் ஒரு பேனர் பெயிண்டர் இருந்தார். சாயங்காலம் அலுவலகம் விட்டால் அவருடைய கொட்டகையில் அரை மணி நேரம் நிற்பது என் வழக்கம். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. ஆனால் இந்தப் பதிவை எழுத வைத்தவர் அவர் இல்லை, என் பேரன். அதற்குக் காரணமான படமோ ஜப்பான் படம். கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வரவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரி 24 அன்று 'ராமாயணா: தி லெஜெண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்ற கார்ட்டூன் படம் தமிழிலும் பேசிக்கொண்டு தியேட்டர்களுக்கு வந்தது. பேரன் அனிமேஷன் படிக்கிறவன். "தாத்தா, நீங்க பார்க்க வேண்டிய படம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். இரண்டேகால் மணி நேரப் படம். நான் தூங்கவில்லை. இடைவேளையில் முறுக்கு கூட வாங்கவில்லை.

வெளியே வந்ததும் சொன்னேன்: "இதுதாண்டா கலர். இப்ப வர்றதெல்லாம் பெயிண்டு கடை விளம்பரம் மாதிரி இருக்கு." அவன் சிரித்தான். அங்கே ஆரம்பித்த சண்டை ஸ்ரீரங்கம் வரைக்கும் பஸ்ஸில் ஓடியது.

இந்தப் படத்தின் கதை நம்மவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1980-களில் ஒரு ஆவணப்படத்துக்காக இந்தியா வந்தார். தொல்லியல் அறிஞர் பி.பி.லால் அலகாபாத் பக்கம் நடத்திய அகழாய்வைப் பற்றிய படம் அது. வந்தவர் ராமாயணத்தில் விழுந்துவிட்டார். இந்தக் கதையைப் படமாக்க ஜப்பானியக் கார்ட்டூன் முறைதான் பொருத்தம் என்று அவருக்குத் தோன்றிற்று. இங்கே எதிர்ப்பு வந்தது. நம் அரசாங்கமும் கை கொடுக்கவில்லை. ஆகவே ஜப்பானிலேயே தயாரித்தார்கள். இந்தியத் தரப்பில் ராம் மோகன் இணை இயக்குநர். நம் நாட்டு அனிமேஷனுக்குத் தகப்பனார் என்று அவரைச் சொல்வார்கள். 2014-இல் பத்மஸ்ரீ வாங்கினார், 2019-இல் காலமானார். வேட்டி எப்படி மடியும், கை எப்படிக் குவியும் என்பதெல்லாம் நம்மவர்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. சுமார் 450 கலைஞர்கள், ஏறத்தாழ ஒரு லட்சம் 'செல்'கள். எல்லாம் கை வேலை. 1992-இல் முடிந்த படம்.

செல் என்றால் கைபேசி இல்லை. செல்லுலாய்டு. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு அது 'செல்லுலோ'. கார்ட்டூன் படத்துக்கு 'தெஸ்ஸேன் அனிமே' என்பார்கள், அதாவது அசைகிற சித்திரம். ஜப்பான்காரர்களும் தங்கள் படங்களை 'அனிமே' என்றுதான் சொல்கிறார்கள். அது அனிமேஷன் என்பதன் சுருக்கம். ஆனால் பாரிஸில் இருக்கும் என் பெரியப்பா மகன் அது பிரெஞ்சு வார்த்தைதான் என்று இன்றைக்கும் அடித்துப் பேசுவான். 1978 ஜூலையில் அங்கே டெலிவிஷனில் 'கோல்டொராக்' என்ற ஜப்பானிய ராட்சத ரோபோ தொடர் வந்தபோது, தன் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று கடிதம் எழுதியவன் அவன்.

நாமும் பார்த்திருக்கிறோம். 1993 வாக்கில் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் 'ஜங்கிள் புக்' வந்ததே, மௌக்ளி கதை, நினைவிருக்கிறதா? குல்சார் எழுதிய இந்திப் பாட்டு, அர்த்தம் தெரியாமலேயே நம் பிள்ளைகள் பாடித் திரிந்தார்கள். அது ஜப்பானில் நிப்பான் அனிமேஷன் 1989-இல் தயாரித்த தொடர். காடு நம்முடையது என்பதால் படமும் நம்முடையது என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி வண்ண விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் காகிதத்தில் பென்சிலால் படம் போடுவார்கள். அந்தக் கோட்டைக் கண்ணாடி போன்ற செல் தாளின் முன்பக்கம் பிரதி எடுப்பார்கள். பிறகு தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வண்ணம் பூசுவார்கள். முன்பக்கத்தில் இருந்து பார்த்தால் தூரிகைத் தடம் தெரியாது, வழவழப்பாக இருக்கும். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்பதை ஒருவர் தீர்மானித்து எண் எழுதிக் கொடுப்பார். முடிக்கு இந்த எண், முடியின் நிழலுக்கு இந்த எண், மேலாடைக்கு இந்த எண். பூசுகிறவர்கள் எண்ணைப் பார்த்துப் புட்டியை எடுக்க வேண்டியதுதான். கோப்பு எண் பார்த்துக் கட்டு எடுத்தவனுக்கு இது புரியாதா?

ஆனால் எண்களுக்குக் கணக்கு உண்டு. கடையில் என்ன புட்டி இருக்கிறதோ அவ்வளவுதான் நிறம். 1988-இல் வந்த 'அகிரா' படத்துக்கு 327 நிறங்கள், அதில் 50 அந்தப் படத்துக்கென்றே புதிதாகக் குழைத்தவை என்பதைப் பெரிய சாதனையாக இன்றும் சொல்கிறார்கள். படத்தில் பெரும்பகுதி இரவு. இருட்டுக்குள்ளேயே இத்தனை நிறம் காட்ட வேண்டியிருந்தது. சாதாரணத் தொலைக்காட்சித் தொடருக்கு அந்த வசதி ஏது? பகலானாலும் இரவானாலும் பையனுக்கு அதே சட்டை, அதே சிவப்பு. எங்கள் அலுவலகத்தில் பச்சை மை மேலதிகாரிக்கு மட்டும்தான். எங்களுக்கு நீலமும் கறுப்பும். பச்சைப் பேனாவைத் தொட்டாலே குற்றம். கையில் இருக்கிற இரண்டு மையை வைத்துக்கொண்டே எது முக்கியம், எது முக்கியமில்லை என்று கோப்பில் காட்டப் பழகிக்கொண்டோம்.

இன்னொரு சிக்கல்தான் என்னைக் கவர்ந்தது. செல் தாள் பார்வைக்குக் கண்ணாடி, ஆனால் முழுக் கண்ணாடி இல்லை. லேசான மங்கல் உண்டு. ராமன் ஒரு தாள், லட்சுமணன் ஒரு தாள், முன்னால் அசையும் கை தனித் தாள் என்று மூன்று நான்கு தாள்களை அடுக்கிப் படம் பிடிக்கும்போது, அடியில் இருப்பவரின் நிறம் மங்கிப் போகும். கையைத் தூக்கினால் கையும் தோளும் வேறு வேறு ஆளுடையது மாதிரி தெரியும். அதற்காக அடித் தாளுக்கு ஒரு படி மாற்றிய நிறத்தைப் பூசுவார்கள். கூடவே படச்சுருள் தன் பங்குக்கு ஒன்றைச் செய்யும், விளக்கு ஒன்றைச் செய்யும். எல்லாவற்றையும் முன்கூட்டியே மனத்தில் வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தவறாகத் தெரிகிற நிறத்தைத் தாளில் போட வேண்டும். திரையில் அது சரியாக வந்து நிற்கும்.

இதைப் பேரன் பஸ்ஸில் விளக்கியபோது எனக்குப் பெயிண்டர் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் கையில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருக்கும். அதன் மேல் பென்சிலால் கட்டம் போடுவார். துணியில் சுண்ணாம்புக் கயிற்றால் பெரிய கட்டம். ஒரு கட்டத்தில் மூக்கு மட்டும் இருக்கும், அதுவே என் உயரம். கதாநாயகனின் கன்னத்தில் ஒரு கை அகலத்துக்குப் பச்சை தீட்டுவார், தாடைக்குக் கீழே நீலம். "என்ன பெயிண்டரே, சிவனா?" என்று கேட்டேன். அவர் ஏணியில் இருந்து இறங்காமலே சொன்னார்: "பக்கத்துல நின்னு பாக்காதீங்க சார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி பாருங்க." போய்ப் பார்த்தேன். மாலை வெயிலில் மனித முகம், ரத்தமும் சதையுமாக. பக்கத்தில் சரியாகத் தெரிகிற நிறம் தூரத்தில் செத்துப்போகும் என்பது அவருடைய தொழில் பாடம். முகத்துக்கு முக நிறத்தையே போட்டால் சுவரோடு சுவராகப் போய்விடும் என்பார்.

ஜப்பானில் 1958-இல் டோயெய் நிறுவனம் முதல் வண்ண முழுநீளக் கார்ட்டூன் படத்தை எடுத்தது. அதே ஆண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் யசுதா மிச்சியோ என்ற பெண்மணி. பின்னாளில் மியசாகி, தகஹாட்டா இருவரின் ஜிப்லி படங்களுக்கு நிறம் தீர்மானித்தவர் அவர்தான். பூச்சு வேலை செய்தவர்களில் பெரும்பாலும் பெண்கள். பெயர் போடும்போது கடைசியில் சரசரவென்று ஓடிவிடும் பெயர்கள்.

கணினி உள்ளே நுழைந்தது 1990-களில். அமெரிக்காவில் டிஸ்னி முந்திக்கொண்டது, 1990-லேயே ஒரு முழுப் படத்தை இப்படி முடித்துவிட்டது. ஜப்பானில் டோயெய் 1997-இல் தன் தொடர்களை மாற்றத் தொடங்கியது. அதே ஆண்டு மியசாகியின் 'பிரின்சஸ் மோனோனோகே'. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செல்கள், அதோடு ஏறத்தாழ பத்து நிமிடம் மட்டும் கணினி வண்ணம். 2001-இல் 'ஸ்பிரிட்டட் அவே' முழுக்கவே கணினியில் பூசப்பட்டது. இந்த நாலைந்து ஆண்டுக்குள் நாடு முழுக்கப் புட்டிகள் மூடப்பட்டன. 'சாசாயே-சான்' என்ற குடும்பத் தொடர் ஒன்று மட்டும், 1969 முதல் ஞாயிறு மாலைகளில் ஓடிக்கொண்டிருப்பது, 2013 செப்டம்பர் வரை செல்லை விடவில்லை. அலுவலகத்தில் கணினி வந்த பிறகும் தட்டச்சுப் பொறியை மேசையில் வைத்துக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஆள் யார் என்று கேட்காதீர்கள். அவர்தான் இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தை வரைவது அப்போதும் பென்சில், காகிதம்தான். அதை ஸ்கேன் செய்து உள்ளே அனுப்பி, வண்ணம் மட்டும் கணினியில். ஆனால் வண்ணம் மாறியதும் கோடும் மாறிவிட்டது! கணினியில் ஒரு வட்டத்துக்குள் தட்டினால் அந்த வட்டம் முழுக்க நிறம் நிரம்பும். கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் நிறம் வெளியே ஒழுகிப் பக்கம் முழுக்கப் பரவிவிடும். ஆகவே கோடுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும், மெல்லியதாக, சுத்தமாக. பென்சில் அழுத்தமும் தளர்ச்சியும் போயிற்று. முகங்கள் கம்பியால் வளைத்தவை மாதிரி ஆயின.

நிறமோ புட்டிக் கணக்கில் இருந்து ஒரு கோடியே 67 லட்சத்துக்குத் தாவியது. எத்தனை அடுக்கு வைத்தாலும் மங்காது. தூசி இல்லை, கீறல் இல்லை, படச்சுருளின் பொடிமணல் அசைவு இல்லை. இவ்வளவு நாளாகத் தாளும் சுருளும் மட்டுப்படுத்திக் கொடுத்த நிறம் மட்டுப்படாமல் அப்படியே வந்து கண்ணில் அடித்தது. 1998-க்கும் 2004-க்கும் இடைப்பட்ட தொடர்களைப் பாருங்கள், பிளாஸ்டிக் வாளி மாதிரி பளபளக்கும். தவறான நிறத்தைப் போட்டுச் சரியான நிறத்தை வரவழைத்த கைகளுக்கு, போட்டது போட்டபடியே தெரிகிற திரையில் என்ன செய்வது என்று கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன.

ஒளி விஷயமும் அப்படித்தான். முன்பு வாள் முனை மின்ன வேண்டுமானால், மற்ற இடத்தையெல்லாம் மறைத்து, துளை வழியே பின்னால் இருந்து விளக்கு பாய்ச்சி, அதே படச்சுருளில் இரண்டாம் முறை படம் பிடிக்க வேண்டும். அவ்வளவு பாடு இருந்ததால் முக்கியமான இடத்துக்கு மட்டும் வைத்தார்கள். கணினியில் அது ஒரு பொத்தான். இப்போது டீ குடித்தாலும் டம்ளர் மின்னுகிறது. பேரன் இதை ஒத்துக்கொண்டான் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

ஆனால் அவன் என்னை மடக்கிய இடங்கள் இரண்டு.

காவிரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். நீர்வண்ண ஓவியம், ஓரங்களில் வெள்ளைத் தாள் அப்படியே விடப்பட்டிருக்கிறது. கோடு அங்கங்கே விட்டுப் போயிருக்கிறது. "இது கையா, கம்ப்யூட்டரா?" என்றான். "இது கூடவா தெரியாது? கை" என்றேன். தகஹாட்டா 1999-இல் எடுத்த 'மை நெய்பர்ஸ் தி யமாடாஸ்' என்ற படம். ஜிப்லி முழுக்க முழுக்கக் கணினியில் வண்ணம் பூசிய முதல் படமே இதுதானாம்! பின்பக்கம் வண்ணம் அப்புகிற செல்லில் இந்த மாதிரி நீர் கரைகிற நிறத்தைக் காட்டவே முடியாது. கணினி வந்த பிறகுதான் முடிந்தது. 2013-இல் அவரே எடுத்த 'இளவரசி ககுயா'வில் பென்சிலும் கரியும் தாளில் உரசுவதே தெரிகிறது. ஆக, நான் திட்டிக்கொண்டிருந்த பளபளப்புக்கு இயந்திரத்தை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. சீக்கிரம் முடி, மலிவாக முடி என்ற அவசரமும் அதில் இருந்தது. பூச்சு வேலை ஏற்கெனவே கொரியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போய்க்கொண்டிருந்தது. பெட்டி பெட்டியாக விமானத்தில் போன தாள்கள் பிறகு கம்பி வழியாகவே போய் வரத் தொடங்கின.

இரண்டாவது இடம் இன்னும் மோசம். "தாத்தா, இன்னைக்கு நீங்க பார்த்ததே டிஜிட்டல்தான்" என்றான். 1992 படச்சுருளை 4கே நுணுக்கத்தில் ஸ்கேன் செய்து, நிறத்தைச் சரிசெய்துதான் இப்போது வெளியிட்டிருக்கிறார்கள். செல் தாளும் படச்சுருளும் அசிடேட் வகை. நாளாக ஆக வினிகர் நாற்றம் அடித்துச் சுருங்கும், கோடு வெளிறும். "கம்ப்யூட்டர் இல்லேன்னா நீங்க இந்த ராமரைப் பார்த்திருக்கவே மாட்டீங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவனே கொஞ்ச நேரம் கழித்து, குரல் இறங்கி, இன்னொன்றைச் சொன்னான். அவன் சிறுவயதில் ஹங்காமா சானலில் பார்த்து வளர்ந்த கார்ட்டூன்கள் இருக்கின்றனவே, புத்தாயிரத்தின் தொடக்கத்தில் கணினியில் முடித்தவை, அவற்றுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அப்போதைய டெலிவிஷன் பெட்டிக்கு எவ்வளவு புள்ளி வேண்டுமோ அவ்வளவு புள்ளியில் செய்து டேப்பில் ஏற்றிவிட்டார்கள். படச்சுருளே கிடையாது, திரும்ப ஸ்கேன் செய்ய ஒன்றும் இல்லை. இன்றைய பெரிய திரையில் போட்டால் மங்கலாக இழுத்துக்கொண்டு தெரியும். மௌக்ளியின் படச்சுருளைத் திரும்ப ஸ்கேன் செய்து கூர்மையாக்கலாம். அவனுடைய கார்ட்டூன்களுக்கு அது நடக்காது. அவன் முகத்தைப் பார்த்தபோது சண்டையில் ஜெயித்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

பெயிண்டர் விஷயத்துக்கு வருகிறேன். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃப்ளெக்ஸ் அச்சு வந்தது. ஒரு பேனருக்கு அவருக்கு நாலைந்து நாள். மெஷின் சில மணி நேரத்தில் துப்பிவிடும், மழைக்கும் அசையாது. முதலில் சினிமா போயிற்று, பிறகு கட்சி போயிற்று. கடைப் பலகை எழுதினார், லாரிக்கு நம்பர் எழுதினார். ஒருநாள் கொட்டகை இருந்த இடத்தில் செருப்புக் கடை இருந்தது. விசாரித்ததில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளாதது என் பிழை. 2021 இறுதியில் சத்திரம் பேருந்து நிலையத்தைப் புதுப்பித்துத் திறந்த பிறகு, கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது என்று கூட என்னால் சரியாகக் காட்ட முடியவில்லை.

அவருடைய பேனர்களில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. படம் மாறியதும் துணியை இறக்கி, வெள்ளை அடித்து, அதே துணியில் அடுத்த படத்தைத் தீட்டுவார். ஒரே துணியில் பத்துக் கதாநாயகர்கள் ஒருவர் மேல் ஒருவராகப் படுத்திருப்பார்கள் என்று அவரே சிரித்துச் சொல்வார். படம் பிடித்து வைக்க எனக்கும் தோன்றவில்லை. அப்போது என்னிடம் கேமரா ஏது?

என்னிடம் இருப்பது ஒன்றுதான். நான் வீடு கட்டியபோது, காசு வாங்காமல் அவர் எழுதிக் கொடுத்த பெயர்ப் பலகை. பச்சைத் தரை, மஞ்சள் எழுத்து. "ஆபீஸ்ல பச்ச மை தரமாட்டேங்கிறாங்கன்னு சொன்னீங்கள்ல சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார். முப்பது வருடத்து வெயிலில் எழுத்து பாதி உதிர்ந்து, பச்சை சாம்பலாகிவிட்டது.

படம் பார்த்துவிட்டு வந்த அடுத்த நாள் பேரன் அதைக் கழற்றித் துடைத்து, கைபேசியால் படம் எடுத்து, கணினியில் ஏற்றினான். எழுத்துகளைச் சரிசெய்துவிட்டான். நிறத்துக்கு வந்ததும் திரையில் பச்சைகளை வரிசையாக அடுக்கிவைத்து என்னைக் கூப்பிட்டான். "தாத்தா, இதுல எது?" கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாவிலைப் பச்சை, முப்பது நாற்பது இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு அறையின் அந்த மூலைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். இரண்டைக் காட்டினேன். பிறகு மூன்றாவது ஒன்றைக் காட்டினேன். அவன் காத்துக்கொண்டிருந்தான்.

பலகை இன்னும் அவன் மேசை மேல்தான் கிடக்கிறது.